அளவுநாடா அக்கா

மற்றப் பெண்கள் கழுத்தில் சங்கிலி போடுவார்கள். அவர் அளவுநாடா போட்டிருப்பார். தையற்காரர் வைத்திருக்கும் மஞ்சள் நாடா. நுனி பிய்ந்துபோய் அதற்கு பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். பயற்றங்காய் தொங்கத் தொடங்கினால் போதும், நாடாவை உருவிக்கொண்டு என் வேலிக்கு வந்துவிடுவார். தன்னுடையதை அளந்து முடித்துவிட்டுத்தான் வருவார். என்னுடையதை அளக்க என்னிடம் கேட்கிற வழக்கம் கிடையாது.

"உன்ரை அம்பத்தொண்டு. என்ரை அம்பத்துநாலு. போட்டு வாறன்."

காலை வணக்கம்கூட இல்லை. திரும்பிப் போய்விடுவார். நான் அந்த அப்பாவிப் பயற்றங்காயைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஜேர்மனியின் கொலோன் நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி, வேலி போட்டுப் பிரித்த தோட்டத் துண்டுகள் வரிசையாக இருக்கின்றன. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒரு துண்டை வாடகைக்கு எடுத்து மரக்கறி போடலாம், ஒரு சின்னக் கொட்டில் கட்டலாம், ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரை போட்டு உட்காரலாம். என்னுடையது இருபத்துமூன்றாம் இலக்கம். அவருடையது இருபத்துநான்கு. அவர் இளம்பெண்ணாகக் கொரியாவிலிருந்து இங்கே தாதி வேலைக்கு வந்தவர். நான் இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவள். ஒரு மருத்துவமனையின் நிலக்கீழ் அறையில் சத்திரசிகிச்சைக் கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி, கிருமி போக அவிப்பது என் வேலை. அவர் இன்று இல்லை. இருபத்துநான்காம் துண்டில் இப்போது ஒரு குடும்பம் புல் வளர்க்கிறது. நல்ல மனிதர்கள்தான், ஆனால் அளப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை.

வயதுக்கு அவரை நான் அன்ரி என்றுதான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒருநாள் கூப்பிட்டேன். அப்படியென்றால் என்ன என்று விசாரித்தார். சொன்னேன். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வந்ததுபோல முகம் சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து அக்கா. அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இருபத்திமூண்டு!" என்று வேலிக்கு மேலால் ஒரு சத்தம் வரும்.

நாங்கள் பேசியது டொச், ஜேர்மன் மொழி. அவருடைய டொச்சில் உள்ளி மணக்கும், என்னுடையதில் வெந்தயம் மணக்கும். டொச்சுக்காரருக்கு எங்கள் இருவர் பேச்சும் முழுதாக விளங்காது. எங்களுக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கும். வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருடம் கழித்து என் ஞாபகத்தில் அவர் யாழ்ப்பாணத் தமிழ்தான் பேசுகிறார். எவ்வளவு முயன்றாலும் வேறு மாதிரிக் கேட்கவில்லை. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

ஒரேயொரு சொல்லை மட்டும் மாற்ற முடியாது. "கில்ட் நிஷ்ட்!" செல்லாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் யாராவது கள்ளம் செய்தால் கத்துகிற சொல். எழுபது வயது தாண்டிய அவர் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லுவார். என் தக்காளி முதலில் பழுத்ததா? கில்ட் நிஷ்ட், அதற்கு வெயில் கூடுதலாக விழுகிறது. என் பாவற்காய் அவருடையதைவிடப் பெரிதா? கில்ட் நிஷ்ட், ஆதாரம் எங்கே, நாடாவைக் கொண்டா. ஆதாரம் இல்லாமல் ஒரு புள்ளியும் கொடுக்கமாட்டார். அதேபோல, கொடுத்தாலும் வாங்கமாட்டார்.

நான் தோட்டம் எடுத்த முதல் நாளே தொடங்கிவிட்டது. வேலியில் ஒரு தலை முளைத்தது. வட்ட முகம், குட்டை மயிர், இடது புருவம் மட்டும் பென்சிலால் கீறியது. ஒரு மிளகாயை நீட்டினார். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் இல்லாததை அப்போதுதான் கண்டேன். வார்ட்டுக் கதவில் நசுங்கியது என்று பிறகு ஒருநாள் சொன்னார்.

"கொரிய மிளகாய். உனக்கு ஏலாது."

யாழ்ப்பாணத்தாளிடம் சொல்கிற சொல்லா இது? கடித்து மென்று விழுங்கிவிட்டு, அடுத்த கிழமை என்னுடைய பச்சைமிளகாயில் மூன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே மூன்றையும் தின்றார். முகம் பீட்ரூட் ஆனது. இரண்டு கண்ணாலும் நீர் ஓடுகிறது.

"அக்கா, அழுறியளோ?"

"இல்லை. கண் வியர்க்குது."

நான் சிரித்த சிரிப்பில் புரைக்கேறி ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டேன். "தண்ணி குடிச்சிட்டாய்! நான் வெண்டிட்டன்!" என்று துள்ளினார். மிளகாய் தின்றது அவர், தண்ணீர் குடித்தது நான், எனவே தோற்றது நான். இப்படி ஒரு சட்டத்தை உலகத்தில் எந்த வழக்கறிஞரும் படித்திருக்கமாட்டார்.

ஒருமுறை ஊன்ட்றொப் என்ற ஊரில் காமாட்சி அம்மன் கோயில் தேருக்கு அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். ஆயிரக்கணக்கில் சனம். ஆண்கள் ஈர வேட்டியோடு வீதியில் பிரதட்டை செய்து உருண்டுகொண்டிருந்தார்கள். அக்கா நுனிக்காலில் நின்று கொஞ்ச நேரம் கவனமாகப் பார்த்தார்.

"உதிலை ஆர் முதல்?"

"ஒருத்தருமில்லை அக்கா. இது நேர்த்திக்கடன்."

"போட்டி இல்லாட்டி ஏன் உருளுகினம்?"

திரும்பி வரும்போது அக்கா வழி முழுவதும் யோசித்துவிட்டு, பச்சைக் கரை வேட்டி கட்டியவர்தான் முதலாவது என்று தீர்ப்புச் சொன்னார். வளைவில் அவர்தானாம் நேரம் மிச்சம் பிடித்தார்.

பூசணிக்காய் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு புரட்டாதியிலும் எங்களுக்குள் பூசணிக்காய் நிறுவை நடக்கும். குளியலறையில் ஆள் ஏறி நிற்கிற தராசைக் கொண்டுவருவார். முதலில் வெறுமையாக ஏறுவார், பிறகு பூசணிக்காயைப் பிள்ளைபோல இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுவார். கழித்துப் பார்த்தால் காயின் நிறை. ஒரு வருடம் அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து, தடியோடு நடந்துகொண்டிருந்தார். அந்த வருடம் அவருடைய காய்கள் எல்லாம் கைப்பந்து அளவுதான். என்னுடையது ஒன்று ஆட்டுக்கல் மாதிரிக் கிடந்தது. பாவமாக இருந்தது. அதை இலைக்குள் மறைத்துவிட்டு, சின்னதாக ஒன்றைத் தராசுக்குக் கொண்டுபோனேன். அவர் வென்றார். ஆனால் சந்தோசப்படவில்லை. என்னையே பார்த்தார். பிறகு தடியை ஊன்றி ஊன்றி என் கொடிக்குள் போய், இலையை விலக்கி, அந்தப் பெரிய காயைத் தடியாலேயே உருட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"உது என்ன?"

"அக்கா, உங்களுக்குச் சுகமில்லை எண்டு..."

"கில்ட் நிஷ்ட்."

மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. அவரை வெல்வதைக்கூட மன்னிப்பார். அவருக்காகத் தோற்பதை மன்னிக்கவே மாட்டார். அதை நான் அன்றைக்குப் படித்தேன்.

இனி சைரனுக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை, நல்ல வெயில், மதியம் பன்னிரண்டு மணி. நான் வெண்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நகரம் முழுவதும் சைரன் ஊளையிடத் தொடங்கியது. சைரன்கள் வேலை செய்கின்றனவா என்று நகரசபை சோதித்துப் பார்க்கிற நாளாம். பத்திரிகையில் போட்டார்களாம், தோட்டச் சங்கத்தின் பலகையிலும் ஒட்டினார்களாம். தோட்டம் முழுக்க ஒருவரும் அசையவில்லை. எதிர்த் துண்டுக்காரர் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். பலகையை வாசிக்காத பிறவிகள் நாங்கள் இரண்டு பேர்தான்.

குழாயை எப்போது எறிந்தேன், வேலியை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. நினைவு வந்தபோது இருபத்துநான்காம் துண்டின் கொட்டிலுக்குள், மண்வெட்டிகளுக்கு நடுவில் குப்புறக் கிடக்கிறேன். எனக்கு முன்பே உள்ளே ஒருவர் இருந்தார். இடுப்பில் உலோகம் வைத்திருக்கிற, தடியில்லாமல் நடக்க முடியாத எழுபத்தாறு வயதுக்காரர். மூலையில் குந்தி, இரண்டு காதையும் பொத்தி, வாயை ஆவென்று திறந்து வைத்திருந்தார்.

நானும் வாயைத் திறந்து வைத்திருந்தேன்.

குண்டு விழும்போது வாய் மூடியிருந்தால் காது வெடித்துவிடும். பதுங்குகுழிக்குள் எங்கள் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது. இதைக் கொரியாவிலும் யாரோ ஒரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சைரன் நின்றது. இரண்டு கிழவிகள் வாயைப் பிளந்தபடி ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. பிறகு என்னுடையது. அப்படி ஒரு சிரிப்பை நான் வாழ்நாளில் சிரித்ததில்லை. அவர் ஒரு வாளியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார், நான் உரப்பைக்குள் முகத்தை வைத்துச் சிரிக்கிறேன். வெளியே கேக் வெட்டியவர் எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்.

மூச்சு வந்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "நான்தான் முதல் வந்தனான்." இரண்டாவது: "என்ரை வாய்தான் பெரிசாத் திறந்தது."

அந்த நேரம் பார்த்துத்தான் அவருடைய மகள் மினா வாசலில் வந்து நின்றாள். மினா கொரியப் பெயராம், டொச்சுப் பெயருமாம். எனக்கு அது மீனா என்றுதான் கேட்கும். ஹனோவரில் ஒரு பல்கலைக்கழகத்தில் மனநலம் சம்பந்தமான வேலை. அன்று தாயைப் பார்க்க வந்திருந்தாள். நாங்கள் கிடந்த கோலத்தைப் பார்த்தாள், வாய் திறந்த கதையையும் கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை.

"அம்மா, வாயைத் திறந்து வைச்சிருக்கோணும் எண்டு எங்கை பழகினீங்கள்?"

"தாதிப் பள்ளியிலை," என்றார் அக்கா, கண்ணிமைக்காமல். எழும்பி, உடுப்பைத் தட்டிவிட்டு, தடியைத் தேடினார்.

அன்று மினா என்னை வேலியோரம் தனியாகப் பிடித்தாள். தாய்க்கு அடுத்த மாதம் இதய வால்வு மாற்றுவதற்கு நாள் குறித்திருக்கிறார்கள். அந்த வயதில் கத்தி வைத்தால் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? தாயின் சின்ன வயதைப் பற்றி மினாவுக்கு ஒரு வரிகூடத் தெரியாது.

"நான் இப்ப செய்யிற ஆய்வே அதுதான், அன்ரி. கொரியாவிலை வளர்ந்த பெரியாக்களுக்கு வாழ்க்கையிலை என்னென்ன பயங்கரம் நடந்தது, அது எவ்வளவு சகஜம் எண்டு கேக்கிறம். வீடு வீடாப் போறன். தேத்தண்ணி ஊத்திக்கொண்டே சொல்லுகினம், யுத்தம், வெள்ளம், பட்டினி எண்டு. ஒண்டுமில்லாத ஆளைக் காணுறதே அருமையாக் கிடக்கு. எல்லாற்றை அம்மாமாரும் எனக்குச் சொல்லுகினம். என்ரை அம்மா மட்டும் ஒண்டும் நடக்கேல்லை எண்டுறா."

அடுத்த சனிக்கிழமை கேள்வித்தாளோடு வந்தாள். பதினெட்டுக் கேள்விகள். வெள்ளத்தில் அகப்பட்டதுண்டா, தீயில் அகப்பட்டதுண்டா, போரைக் கண்டதுண்டா என்று வரிசையாக. பக்கத்தில் 'ஆம்' ஒரு பெட்டி, 'இல்லை' ஒரு பெட்டி. கொட்டிலுக்கு முன்னால் மேசையில் மூன்று பேரும் இருந்தோம். தேத்தண்ணி, என் வடை, அவருடைய கிம்ச்சி ஊறுகாய். அக்கா பேனையை எடுத்தார். 'இல்லை' வரிசையில் மேலிருந்து கீழே பதினெட்டுப் புள்ளடி, நூல் பிடித்தது மாதிரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"முடிஞ்சுது. நான் முதல்."

"அம்மா! யுத்தம் நடக்கேக்கை உங்களுக்கு அஞ்சு வயசு. யுத்தத்துக்கும் இல்லை எண்டு போட்டிருக்கிறீங்கள்!"

"அது எல்லாருக்கும் நடந்தது. எல்லாரும் ஓடினா அது போட்டியில்லை. கில்ட் நிஷ்ட்."

பிறகு எங்களுக்கு விளக்கம் சொன்னார். இந்த நாட்டுக்குத் தாதிகளைத் தெரிவு செய்தபோதும் இதே மாதிரி ஒரு படிவம் கொடுத்தார்களாம். காசம்? இல்லை. பூச்சி? இல்லை. தலையிடி? இல்லை. கெட்ட கனவு? இல்லை. ஒரு 'ஆம்' போட்டால் விமானத்தில் இடமில்லை. பக்கத்தில் இருந்த பெண் உண்மையாக ஒரு ஆம் போட்டாள், அவள் ஊரோடு நின்றுவிட்டாள். "படிவம் எண்டா இல்லைதான். என்ரை கைக்கு அது பழகிப்போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் என் கைக்கு நேர்மாறாகப் பழகியிருந்தது. அகதி விசாரணையில் ஒவ்வொரு 'ஆம்' என்பதும்தான் எங்களை இங்கே வைத்திருக்கும். ஒவ்வொரு 'இல்லை'யும் திருப்பி ஊருக்கு ஏற்றும். தேதி, இடம், எத்தனை பேர், என்ன நிறச் சட்டை, எல்லாம் ஒப்புவிக்க வேண்டும். அப்படி ஒப்புவித்தும், ஆதாரம் போதாது, நம்பத்தக்கதாக இல்லை என்றுதான் முதற்கடிதம் வந்தது. வழக்காடித்தான் இந்த நாட்டில் தங்கினேன்.

"அன்ரி, நீங்கள் ஒருக்கா நிரப்பிக் காட்டுங்கோ. அம்மா பாக்கட்டும்," என்றாள் மினா.

ஆய்வுக்கு என்னுடையது உதவாது. நான் கொரியாக்காரி இல்லையே. ஆனாலும் எடுத்தேன். விறுவிறுவென்று போட்டேன். போர், ஆம். வீடு எரிந்தது, ஆம். காயம், ஆம். பட்டினி, ஆம். பதினாறாவது கேள்வியில் வழக்கம்போல இல்லை என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் பதினொன்று.

அக்காவின் கழுத்து நீண்டது. பதினெட்டுக்குப் பதினொன்று. அவருக்குச் சைபர்.

அந்த முகத்தைப் பார்த்தவுடன் எனக்கு உச்சி குளிர்ந்தது. மினாவுக்காக ஒரு வழி கிடைத்தது என்று மட்டும் சந்தோசப்பட்டதாகச் சொன்னால் அது பொய். பதினைந்து வருடத்தில் முதல் தடவையாக நான் முன்னுக்கு நிற்கிறேன்! எழும்பி நின்று கையைத் தட்டினேன்.

"பதினொண்டுக்குச் சைபர்! அக்கா, நான் வெண்டிட்டன்!"

"கில்ட் நிஷ்ட்! ஆதாரம் எங்கை?"

கெண்டைக்காலை மேசையில் தூக்கி வைத்து ஷெல் துண்டு கிழித்த தழும்பைக் காட்டினேன். நாடாவை எடுத்து அளந்தார். ஏழு சென்றிமீற்றர். வீட்டுக்கு ஆதாரமாகக் கைபேசியில் இருந்த, கூரையில்லாத சுவரின் படம். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார், ஒவ்வொன்றுக்கும் முகம் கறுத்தது. கடைசியில் மேசையில் அடித்தார்.

"புதுத் தாள் கொண்டா!"

மினா மூச்சுவிடாமல் ஒரு புதுத் தாளை நகர்த்தினாள்.

"ஒரு நிபந்தனை," என்றேன். "எனக்குக் கேட்ட மாதிரி உங்களுக்கும் ஆதாரம் வேணும்."

"கேள். வெள்ளம்! ஆம். மூண்டு நாள் கூரையிலை இருந்தம். எங்களோடை ஒரு பண்டியும் இருந்தது. பக்கத்து வீட்டாரின்ரை பண்டி. நான் அதிலை சாஞ்சு நித்திரை கொண்டனான்."

"ஆதாரம்?"

"மினா, நான் பண்டியிறைச்சி சாப்பிட்டு நீ பாத்திருக்கிறியோ?"

மினா வாயில் கை வைத்தாள். ஒருநாளும் இல்லையாம். சமிக்காது என்று சொல்லுவாராம். புள்ளி ஒன்று.

"பஸ் குடைசாஞ்சது! ஆம். மடியிலை பத்து முட்டை வைச்சிருந்தன். ஒண்டும் உடையேல்லை."

"முட்டையைக் காட்டுங்கோ."

"சாப்பிட்டிட்டன்!"

"அப்ப கில்ட் நிஷ்ட்!" என்று நான் கத்த, அவர் கத்த, மினா நடுவராக இருந்து அரைமனதோடு புள்ளி கொடுத்தாள். தீக்கு ஆதாரமாகக் கைக்குட்டையில் எச்சில் தொட்டு இடது புருவத்தை அழித்துக் காட்டினார். சந்தை எரிந்தபோது போன புருவம், பிறகு முளைக்கவேயில்லை. இத்தனை வருடமும் நான் அதை நாகரிகம் என்று நினைத்திருந்தேன். போருக்கு ஆதாரம் கேட்கவில்லை. "கொட்டிலுக்குள்ளை வாய் திறந்ததுக்கு நான் சாட்சி," என்று நானே ஒத்துக்கொண்டேன்.

அடுத்தது நச்சு வாயு. தாதிப் பள்ளி விடுதியில், குளிர்காலத்தில், நிலத்துக்குக் கீழே நிலக்கரிக் கட்டி எரித்து அறையைச் சூடாக்குவார்களாம். ஒரு வெடிப்பால் புகை அறைக்குள் வந்துவிட்டது. நித்திரையில் ஆறு பேர். எழும்பியது நான்கு பேர். எழும்பினவர்களுக்கு மருந்தென்று கிம்ச்சித் தண்ணீர் பருக்கினார்கள். "எனக்குப் பக்கத்திலை படுத்தவள் நல்லாப் பாடுவாள்," என்றார். "ஆதாரம், எங்கடை வீட்டு யன்னல்."

மினா சட்டென்று நிமிர்ந்தாள். "அதாலையோ! பனி கொட்டேக்கையும் என்ரை அறை யன்னல் திறந்து கிடக்கும். சின்ன வயசு முழுக்க எனக்குத் தடிமன்! நான் உங்களைப் பேசாத பேச்சில்லை, அம்மா."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து எதை முதலில் செய்வதென்று தெரியாமல் மூக்கைச் சிந்தினாள். "தாளை நனைக்காதை," என்று அக்கா அதட்டினார். "அடுத்தது!"

அடுத்தது, மிக நெருங்கிய ஒருவரின் திடீர் இறப்பு. அக்கா ஆம் போட்டார். கிம்ச்சிக் கிண்ணத்தை அங்கே இங்கே நகர்த்தினார்.

"தம்பி. ரண்டு வயசு. பனிக்குள்ளை நடந்து போனம். அம்மா அவனை முதுகிலை துணியாலை கட்டியிருந்தவ. அவன் அழுதான், நான் என்ரை கையுறையைக் கழட்டி அவனுக்குப் போட்டு விட்டனான்." இடது கையை மேசையில் வைத்தார். நகமில்லாத இரண்டு விரல்கள். "துணியை அவிட்டுப் பாக்கேக்கை அவனுக்கு உயிர் இல்லை. கையுறை அவன்ரை கையிலைதான் இருந்தது. கதவிலை நசுங்கினது எண்டு சொன்னது பொய், பனி கடிச்சுப் போன நகம்."

மினா அந்த இரண்டு விரல்களையும் பிடித்துக்கொண்டாள். விடவேயில்லை. அக்கா மீதிக் கேள்விகளை மற்றக் கையால் நிரப்பினார். அழுதால் நான் தோற்றதாக அறிவித்துவிடுவார் என்ற பயத்தில் வடையை வாய்க்குள் அடைத்துக்கொண்டேன்.

கூட்டிப் பார்த்தார். ஒருமுறை மேலிருந்து, ஒருமுறை கீழிருந்து.

"பன்ரண்டு!" கரண்டியால் கிண்ணத்தில் அடித்தார். "பதினொண்டுக்குப் பன்ரண்டு! இருபத்திமூண்டு, நான் வெண்டிட்டன்!"

மினா சிரித்தாள், நான் சிரித்தேன், எதிர்த் துண்டுக்காரர் இந்தக் கூத்து என்னவென்று தெரியாமலே கையைத் தட்டினார். அக்கா எழும்பி நின்று மூன்று பக்கமும் தலையை வணங்கினார். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ பரிசு வாங்கியிருப்பார்கள். புருவம் அழிந்த முகத்தோடு இப்படி மினுங்கிய ஒருவரை நான் கண்டதில்லை.

திடீரென்று நிறுத்தினார். உட்கார்ந்தார். என் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"பதினாறிலை உன்ரை பேனை நிண்டது."

"எங்கை நிண்டது? நிக்கேல்லை."

"முப்பத்தேழு வருசம் தாதியா இருந்தனான். நோயாளியின்ரை வாயைப் பாக்கிறேல்லை, கையைத்தான் பாக்கிறது. மற்றதெல்லாம் ஓடினது. அதிலை நிண்டது." குரலைத் தாழ்த்தினார். "திரும்பவும் பூசணிக்காயை ஒளிக்கிறாயோ?"

பதினாறாவது கேள்வி, உங்கள் விருப்பத்துக்கு மாறாக யாராவது உங்கள் உடலைத் தொட்டதுண்டா என்பது.

நான் அவருக்காகத் தோற்கவில்லை. அந்தக் கேள்விக்கு எப்போதுமே இல்லை என்றுதான் போட்டிருக்கிறேன். ஊரில், ஒரு சோதனைச்சாவடிக்குப் பின்னால் இருந்த அறை. பத்தொன்பது வயது. ஒருவரும் பார்க்கவில்லை, ஒரு தழும்பும் இல்லை. அகதி விசாரணையில் மொழிபெயர்க்க இருந்தது எங்கள் ஊர்ப் பக்கத்து அண்ணை ஒருவர். அவருக்கு முன்னால் எந்த வாயால் சொல்வது? சொன்னாலும் அடுத்த கேள்வி எனக்குத் தெரியும். ஆதாரம்? பிறகு, சொல்லாததே பழகிவிட்டது. கட்டினவருக்கும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அக்கா பேனையை என் பக்கம் உருட்டிவிட்டார். மினா தாயின் விரல்களை விடாமலே முகத்தைப் பாவற்பந்தல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் 'இல்லை'யை வெட்டினேன். பக்கத்துப் பெட்டியில் ஒரு புள்ளடி போட்டேன். அவ்வளவுதான். அதற்கு முப்பத்துச் சொச்ச வருடம் எடுத்திருக்கிறது.

பிறகு காத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்பார். கேட்காமல் ஒருநாளும் விட்டதில்லை. என் தக்காளிக்குக் கேட்டவர், பயற்றங்காய்க்குக் கேட்டவர், கெண்டைக்காலை நாடாவால் அளந்தவர். கேட்டால் என்னிடம் காட்ட ஒன்றுமில்லை.

அக்கா மினாவிடமிருந்து கையை விடுவித்து, கழுத்திலிருந்த நாடாவைக் கழற்றினார். மெதுவாகச் சுருட்டினார். சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

"கில்ட்," என்றார்.

செல்லும். பதினைந்து வருடத்தில் அந்தச் சொல்லின் மற்றப் பாதி இல்லாமல் அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். என் தாளின் அடியில் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று எழுதினார். தோற்பதைப் போலவே சமனாவதும் அவருக்குப் பிடிக்காது. ஆனாலும் எழுதினார். எழுதிவிட்டு, நகமில்லாத விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்து, தாதிகள் நாடி பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

வால்வு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தார். வந்த முதல் நாளே, எனக்கு இல்லாத ஒரு வால்வு தனக்கு இருப்பதாக வேலிக்கு மேலால் அறிவித்தார். இன்னும் இரண்டு கோடை என் பயற்றங்காயை அளந்து என்னைக் கொன்றார். ஆய்வுக்கு உதவாத என் தாளை மினா என்னிடமே தந்துவிட்டாள். அது என் கொட்டிலில், கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது. போன மாதம் சைரன் சோதனை வந்தது. இப்போது நான் பலகையை வாசிக்கிறேன், எல்லாம் தெரியும், ஆனாலும் உள்ளே ஓடினேன். வாயைத் திறந்தபடி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊரெல்லாம் ஊளையிட்டு முடியும்வரை, அங்கே ஒருவர் எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது.